கதவுக்கு இந்தப் பக்கம்

அது கொரைக்கும், ஆனா கடிக்காது. கோம்பை நாயி அப்பிடித்தேன், புது ஆளு வாடை பட்டுச்சுன்னா அடங்காது. சங்கிலில கட்டிட்டேன், நீ உக்காரு தம்பி. இங்கன, பந்தலுக்குக் கீழ உக்காரு. வெயிலு மண்டையப் பொளக்குதுல்ல. பைய மடியிலயே வச்சுக்க, நா ஒண்ணும் பிடுங்க மாட்டேன். உள்ள இருக்கது கெளை வெட்டுற வாக்கத்திதான? புடி வெளிய தெரியுது. வண்டன்மேட்டுல எங்களுக்கும் ஏலத்தோட்டம் இருந்துச்சுப்பா, வாக்கத்தி தெரியாதா எனக்கு.

ஆமா, கேப்டன் பொன்னுராஜ் வீடு இதுதேன். நா அவரு தங்கச்சி, ஞானசெல்வி. அவரு உள்ளதேன் இருக்காரு. எங்கிட்டும் ஓடிப்போக மாட்டாரு. நீ யாருன்னு சொல்லவே வேணாம், பிஜு மூஞ்சி அப்பிடியே இருக்கு ஒனக்கு. தம்பியா? ம்ம். கப்பல்ல எல்லாரும் சேந்து எடுத்த போட்டோவுல ஒங்கண்ணனப் பாத்திருக்கேன். சிரிச்சுக்கிட்டு நிப்பாரு.

செய்ய வந்ததச் செய்யி, வேணாங்கல. கேட்டுட்டுச் செய்யி, அம்புட்டுத்தேன். கம்பெனிக்காரெங்க ஒங்க வீட்டுக்கு விபத்துன்னு ஒத்த வார்த்த சொல்லிருப்பாங்க. கதவ அடச்சது கேப்டன்னு பெறகு யாரோ காதுல போட்டுருப்பாக. ரெண்டுக்கும் நடுவுல இருக்கத எவஞ் சொன்னான்?

இரும்புத் தாது ஏத்திட்டுப் போன கப்பலு. ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவுல, வேற கப்பலே வராத பக்கத்துல போயி எஞ்சின் நின்னுபோச்சு. எந்தத் தெசையில பாத்தாலும் கரை கெடையாது. அலை இழுத்த பக்கம் கப்பலு போகுது. கம்பெனிக்காரென் இந்தா ஆள அனுப்புறேன், அந்தா அனுப்புறேன்னுக்கிட்டே இருந்தான். கடத்தண்ணியக் குடிதண்ணி ஆக்குற மிசினும் எஞ்சின் ஓடுனாத்தேன் ஓடுமாம். எங்கண்ணே தண்ணித் தொட்டியப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு, டம்ளர்ல அளந்து ஊத்துனாராம். தாகத்துல பூட்ட ஒடைக்கப் போன ஒருத்தென் மண்டைய இன்னொருத்தென் சுத்தியால பொளந்துட்டான். அந்த ரத்தத்தக் கழுவக்கூடத் தண்ணி குடுக்கல எங்கண்ணே, குடிக்கத்தேன் குடுப்பேன்னுட்டாரு. அன்னைலருந்தே பாதிப் பேரு அவரத் தூக்கிக் கடல்ல போட்றணும்னு திரிஞ்சாய்ங்க.

ச்சே, அடிச்சதும் அடிபட்டதும் ஒங்கண்ணே இல்லப்பா. அவரும் நம்மூரு ஃபிட்டர் ஒருத்தரும் எஞ்சின் ரூமே கதின்னு கெடந்தாக. எப்பிடியாச்சும் ஓட்டிரணும்னு அவுகளுக்கு ஒரு வெறி. அன்னைக்கிக் காலைல ஓட்டிப் பாத்திருக்காக. எண்ணெக் குழா வெடிச்சு, கொதிக்கிற இரும்பு மேல பீச்சியடிச்சு, குப்புன்னு புடிச்சிருச்சு. மத்தவுக படியேறி ஓடியாந்துட்டாக. ஒருத்தென் முதுகுத் தோலு சட்டையோட உரிஞ்சு தொங்க வந்தானாம். தலைய எண்ணுனா ரெண்டு பேரக் காணோம்.

எங்கண்ணே தேடிப் போனாருப்பா! போகாம இருப்பாரா? முகமூடி மாட்டிக்கிட்டு அவரேதேன் எறங்குனாரு. படி பழுத்துக் கெடந்திருக்கு. பேரச் சொல்லிக் கத்துனா பதிலு இல்ல. வந்துட்டு மறுபடியும் எறங்குனாரு. அந்தத் தடவ முடி கருகி மயங்கிக் கெடந்தவர மத்தவுக இழுத்து வெளிய போட்டாக. தீ எண்ணெத் தொட்டிப் பக்கம் போகுது. அது வெடிச்சா அத்தன உசுரும் போச்சு.

அதுக்குன்னே கப்பல்ல ஒரு வாயு வச்சிருக்காகளாம், சிலிண்டரு சிலிண்டரா. கதவு, காத்து வர்ற ஓட்டை எல்லாத்தையும் இறுக்கிட்டு அதத் தொறந்துவிட்டா தீ மூச்சடங்கிரும். உள்ள மனுசன் இருந்தா அவனுக்கும் அதே கதிதேன். அத ஒருத்தருதேன் சொல்லணும், கேப்டன். வேற யாரும் சொல்ல முடியாது.

சொன்னாரு. கதவ அடச்சாரு. அடச்சு வாயுவத் தொறந்துவிட்ட பெறகுதேன் உள்ளருந்து தட்டுற சத்தம் வந்துச்சு.

ஆமா. உசுரோடதேன் இருந்தாக. ஒனக்கு நா பொய் சொல்ல மாட்டேன்.

தொறந்தா வெளிக்காத்து உள்ள போயி தீ ஒண்ணுக்குப் பத்தாக் கெளம்பும். அது எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சா மட்டும்? தட்டுற சத்தம் கேக்குதுல்ல. தூத்துக்குடிச் சமையக்காரென் ஒருத்தென் கோடாலியத் தூக்கிட்டு ஓடியாந்தான், தொறடா பாவின்னுக்கிட்டு. எங்கண்ணே கதவ மறிச்சு நின்னாரு. அவென் ஓங்குன கோடாலியப் பிடுங்கி, மொட்டப் பக்கத்தால அவென் தோள்லயே போட்டாரு. எலும்பு முறிஞ்ச சத்தம் அங்கன நின்ன எல்லாருக்கும் கேட்டுச்சாம். இன்னும் நாலஞ்சு பேரு பாஞ்சாய்ங்க. ஒருத்தென் கடிச்ச கடியில எடது காது பாதி போயிருச்சு. வகுத்துல குத்துனாய்ங்க, மூஞ்சில மிதிச்சாய்ங்க. ரெண்டு கையாலயும் கதவுப் பிடியப் பிடிச்சவரு விடல. இரும்புப் பிடி, தம்பி. அந்தப் பக்கம் தீ எரியுது. உள்ளங்கை வெந்து அதுலயே ஒட்டிக்கிருச்சு. பெறகு கையப் பிரிக்கையில தோலு பிடியோட நின்னுபோச்சு.

மொதல்ல தட்டுற சத்தம் நின்னுச்சு. பெறகு தீ நின்னுச்சு.

அதோட முடிஞ்சிருந்தாத் தேவல. கப்பலு இன்னும் மெதந்துக்கிட்டுத்தான இருக்கு? தன்னக் கொல்ல வந்தவெங்களுக்கே அவருதேன் தண்ணி ஊத்தணும். கையில துணியச் சுத்திக்கிட்டு ஊத்துனாராம். தோளு ஒடஞ்ச சமையக்காரனுக்குத்தேன் மொத டம்ளரு. அவென் வாயில வாங்கி மூஞ்சிலயே துப்புனானாம். தொடச்சுட்டு, தன் பங்க அவென்ட்ட நீட்டுனாராம்.

கரண்டு இல்லாம ரெண்டு ஒடம்பையும் எங்குன வைக்க முடியும்? அதேன் ஒங்கம்மாவுக்குக் கடைசியாப் பாக்க மூஞ்சி கெடைக்கல. கடல்லதேன் எறக்குனாக. எங்கண்ணே ஜெபம் பண்ண ஆரம்பிச்சு, பாதியில நின்னுட்டாராம். மிச்சத்த அந்தச் சமையக்காரென்தேன் சொல்லி முடிச்சான்.

இதெல்லாம் எனக்கு யாரு சொன்னதா? அந்தச் சமையக்காரனேதேன். ஒத்தத் தோளு எறங்கிப் போயி, இந்தப் பந்தலுக்குக் கீழ உக்காந்து சொல்லிட்டுப் போனான். எங்கண்ணே எங்க சொன்னாரு? கரையேறுன பெறகு நடந்த விசாரணையில ஆமா, நாந்தேன் அடச்சேன்னாராம். அதுக்கு மேல ஒரு வார்த்த கெடையாது, எங்கிட்டயுந்தேன்.

மூஞ்சியத் தொட, தம்பி. இந்தா முந்தான.

ஒங்கண்ணே கடைசில கேப்டன், கேப்டன்னு கூப்புட்டாராம். கூட இருந்த ஃபிட்டரு அப்பிடிக் கூப்புடல. மச்சான், தொறங்க மச்சான்னு கூப்புட்டாரு.

அது எங்க வீட்டுக்காரரு, இம்மானுவேலு.

சரி, சோத்தப் பெசஞ்சு வச்சுட்டு வந்தேன், காஞ்சு போயிரும். எங்கண்ணனுக்கு வெரலு மடங்காது, நாந்தேன் ஊட்டி விடணும். எந்திரிச்சிட்டியா? பை அங்கனயே கெடக்கட்டும், யாரு எடுக்கப்போறா. அந்தத் தண்ணிச் செம்ப மட்டும் எடுத்துக்க. செருப்ப வெளிய விட்டுட்டு வாப்பா.