ஞானேந்திரன் நடந்த நடை

ஞானேந்திரன்தான், தம்பி, எனக்கு முதலிலை துரோகம் செய்தவன். ஐஸ் பேந்துதான் செய்தது.

உங்கடை ஜக்கற்றைக் கண்டுதான் கதைக்கத் தொடங்கினனான். அந்தக் கொலேஜ்தானே? என்ரை மகன் துஷாந்தனும் அங்கைதான் விளையாடினவன். ஓம், ஹெல்மெற் போட்டு, பந்தைக் கையிலை கொண்டு ஓடுற விளையாட்டு.

போன வருசம் நீங்கள் அங்கை இல்லையோ? அப்ப கேளுங்கோ. லீக்கிலை ஆறு கொலேஜ், நாலுதான் மேலை போகும். எங்கடை பெடியள் முதல் மச் வெண்டு, பேந்து வரிசையாத் தோத்து, கடைசி மச்சிலை திரும்ப வெண்டவங்கள். கடைசிப் பந்தைப் பிடிச்சது ஆர் எண்டு நினைக்கிறியள்? ஓம், அவன்தான்! என்ன செய்ய, மற்றக் கொலேஜும் வெண்டிட்டுது. புள்ளி சமன். முந்தி அவங்களிட்டைத் தோத்ததாலை எங்களை அஞ்சாவதாப் போட்டாங்கள். அதோடை சீசன் சரி.

அதை விடுங்கோ. படிப்பு முடிக்கிற பெடியளின்ரை கடைசி மச்சிலை ஒரு வழக்கம் இருக்கெல்லோ, பேர் கூப்பிட, தாய் தேப்பனோடை மைதானத்துக்கு நடுவிலை நடந்து போறது. தாயில்லாத பிள்ளை, நான்தானே போகவேணும்? கோட்டும் தைச்சு வைச்சிருந்தன். பக்கத்து வீட்டு ஞானேந்திரன்தான் அவனைப் பயிற்சிக்குக் காரிலை ஏத்தி இறக்கிறவன். மச் முடியத்தான் அண்ணை அது, ஆறுதலா வாங்கோ எண்டான். நானும் டொலார்ட் முருகன் கோயிலுக்குப் போய், பூசை முடியுமட்டும் நிண்டு, திருநீறு வாங்கிக்கொண்டு போறன், எல்லாம் முடிஞ்சுது. மச்சுக்கு முதலே நடந்திட்டினம். என்ரை இடத்திலை அவன். பெடியன்ரை தோளிலை கை வேறை. படமும் எடுத்துக் கொலேஜிலை மாட்டியிருக்கினம்.

மாறிச் சொல்லிப்போட்டானாம். நீங்களும் அப்பிடித்தான் சொல்லுறியளோ? சரி, நீங்களும் அவன்ரை ஆள்.

மகனோ? அவன் சிரிச்சவன். பட்டமளிப்புக்கு நீங்கள்தானேப்பா என்னோடை நடக்கப்போறியள் எண்டான்.

இப்ப மைதானத்துக்குத்தான் போறன். மகன்ரை சட்டை இலக்கத்தை இனி ஒருத்தருக்கும் குடுக்கினமில்லையாம், இண்டைக்கு அதுக்கு ஒரு விழா. தேப்பனைக் கூப்பிட வேணுமெண்டு ஞானேந்திரனுக்கு போன் எடுத்திருக்கினம். படத்திலை நிக்கிறது அவனெல்லோ. அண்ணை நீங்கள் போங்கோ எண்டு கதவடியிலை நிண்டு அழுறான். நான் திறக்கேல்லை.

இலக்கத்தை ஏன் குடுக்கினமில்லையோ? மாசியிலை ஐஸிலை கார் சறுக்கிப்போட்டுது தம்பி. மகன்தான் காரை ஓடினவன். பட்டமளிப்பு வைகாசியிலை.

இது அண்டைக்குக் கோயிலிலை வாங்கின திருநீறு. பொக்கற்றிலையே கிடக்கு. பேர் கூப்பிட்டால் நடப்பன், நடக்காமல்? ஆனா அது தனி நடை. பிள்ளையோடை நடக்கிற நடையை ஞானேந்திரன் எனக்கு இன்னும் திருப்பித் தரேல்லை.