அக்காவின் முட்டி

வருகிறவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. மருத்துவன் என்பதால் அல்ல. நான் மளிகைக்கடை வைத்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன். கேட்ட சாமான் இல்லையென்றால் அதற்கு ஈடாக வேறொன்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருப்பேன்.

விசாரிக்க வந்திருக்கும் நீங்களும் மருத்துவர்கள்தான். ஆனால் எலும்பு பார்ப்பவர்கள் இல்லை என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். முட்டி தேய்ந்திருக்கும். படி ஏறிவிடுவார்கள், இறங்கும்போதுதான் உயிர் போகும். பள்ளியில் சேர்க்க அழைத்து வந்த பிள்ளையைத் தொட்டுக்கொள்வது போல, முட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டுதான் பேசவே ஆரம்பிப்பார்கள். ஆரம்பத்தில் நான் உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "இது தேய்மானம்தாங்க. முடி நரைக்கிற மாதிரி. தொடைக்குப் பலம் வர்ற மாதிரி பயிற்சி சொல்லித் தர்றேன், விடாம பண்ணுங்க. நடங்க. எடையைக் கொஞ்சம் குறைங்க. ரொம்ப வலிச்சா மட்டும் மாத்திரை." இதைக் கேட்டதும் அவர்கள் முகம் வாடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வயதான ஒரு தையல்காரர் எழுந்து நின்று கேட்டார், "இதைச் சொல்லவா சார் இம்புட்டு படிச்சீங்க?" நேராகத் தெருக்கோடியில் இருந்த இன்னொரு மருத்துவரிடம் போனார். அங்கே முட்டியில் துளை போட்டுச் சுத்தம் செய்துகொண்டார். அப்புறம் எனக்குக் காட்டுவதற்காகவே மெனக்கெட்டு வந்தார். சந்தோஷமாக இருந்தார். அந்தச் சந்தோஷத்தை நான் கொடுத்திருக்கலாமே என்று இருந்தது.

அப்படித்தான் தொடங்கினேன். முட்டியில் சின்னதாகத் துளைகள் போட்டு, ஒன்றின் வழியே கேமராவை விட்டு, தண்ணீர் பாய்ச்சி, உள்ளே பிசிறு பிசிறாக நிற்கும் சவ்வைச் செதுக்கி எடுக்கிற வேலை. மூட்டு முழுவதுமாகப் போனவர்களுக்குச் செய்யும் மாற்று அறுவை வேறு, அதைப் பற்றி நான் பேசவில்லை. இது சின்ன வேலை. திரையில் பார்க்க அழகாகவும் இருக்கும். அந்தப் படத்தை நோயாளியிடம் கொடுத்தால் சொந்தபந்தமெல்லாம் பார்த்து வாய் பிளப்பார்கள். "சுத்தம் பண்ணிட்டாரு" என்பார்கள். எனக்குக் கைராசிக்காரர் என்று பெயர் வந்தது.

அதனால் பயனில்லை என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். தேய்ந்த முட்டிக்காரர்களில் சிலருக்கு நிஜமாகச் செய்தும், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தும் ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சிகள் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே அளவு குணம்தான். ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களும் அதே அளவு தேறினார்கள். நான் அவற்றை நிதானமாகப் படித்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. படித்து மூடி வைத்துவிட்டு, அன்று மதியமே ஓர் ஓய்வுபெற்ற நூலகருக்கு அதைச் செய்தேன். அவர் தேறினார். அந்த ஆராய்ச்சி சொன்னதும் அதைத்தானே, தேறுவார்கள் என்று. அப்படியானால் தோலை மட்டும் கீறி அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். அது ஏமாற்று வேலை. அதற்கு என் மனசாட்சி இடம் கொடுக்காது.

இனி அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவள். வேலைக் காலம் முழுவதும் நின்றே கழித்தவள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரல் போகவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட, "உள்ள தள்ளி உக்காருங்க, இடம் இருக்கு," என்பாள். எல்லோரும் அடங்கித் தள்ளி உட்காருவார்கள். சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். நான் மருத்துவனான பிறகும் கூட்டத்தில் என்னைக் கண்டால் தலையைக் கலைத்துவிடுவாள். அத்தான் போன பின்பு, இரண்டாம் மாடியில், லிஃப்ட் இல்லாத ஒரு வீட்டில் தனியாக இருந்தாள். அவள் மகள் பள்ளியில் கணக்கு டீச்சர். பக்கத்துத் தெருவில்தான் வீடு.

அக்காவுக்கு முட்டி தேய்ந்திருந்தது. ஆனாலும் சமாளித்துக்கொண்டிருந்தாள். படியில் நண்டு போலப் பக்கவாட்டில் இறங்குவாள். "வழி விடுங்க, அகலமான வண்டி வருது," என்று எதிரே வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். காலையில் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காய்கறிப் பையோடு தானே மேலே ஏறி வருவாள். அவளுக்குத் தேவைப்பட்டதெல்லாம் பயிற்சியும், கைப்பிடி உறுதியாக உள்ள ஒரு மாடிப்படியும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவள் வீட்டில் சீட்டாட்டம் நடக்கும். கூட வேலை பார்த்த தோழிகள் வருவார்கள். அவர்கள் எல்லோருக்கும் முட்டியில் என் கைவண்ணம்தான். எல்லாம் அக்கா அனுப்பிய ஆட்கள். "என் தம்பிகிட்ட போங்கடி, கால்ல சக்கரம் கட்டி அனுப்புவான்," என்று சொல்லியே அனுப்புவாள்.

ஒரு ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். அக்கா சீட்டைக் கலைத்துக்கொண்டே கேட்டாள். "ஏன்டா, ஊருக்கெல்லாம் பண்றே. எனக்குன்னா மட்டும் ஏன் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கே?"

"உனக்கு அவ்ளோ மோசமில்லக்கா. பார்த்துக்கலாம்."

"மோசமானப்புறம்தான் பார்ப்பியா? இவளுக்கு என்ன, என்னைவிட மோசமாவா இருந்துச்சு? குதிச்சுக்கிட்டுத்தான் வந்தா உங்கிட்ட."

அந்தத் தோழி சீட்டுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அக்காகிட்ட ஃபீஸ் கேக்க முடியாதே, அதான் தம்பி யோசிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் சுபாவம் அப்படி. ஒரு விஷயம் பிடிபடவில்லையென்றால் விடமாட்டாள். குத்திக் காட்டுவதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காகவே கேட்டாள். "இல்ல மாமா, நிஜமாவே கேக்குறேன். அம்மாவுக்கு வேண்டாம்னா ஏன் வேண்டாம்? அப்போ இவங்களுக்கெல்லாம் மட்டும் ஏன் வேணும்?"

தோழிகள் எல்லோரும் சீட்டை இறக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் முட்டியிலும் என் தழும்பு இருந்தது. பதில் எனக்குத் தெரியும். அதை அங்கே சொன்னால் அக்காவின் முட்டி பிழைக்கும். நான் பிழைக்க மாட்டேன்.

"வர்ற வாரமே வச்சுக்கலாம்க்கா," என்றேன்.

அக்காவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். எல்லோருக்கும் இன்னொரு சுற்றுக் காபி போட, நண்டு போலச் சமையலறைக்குப் போனாள்.

சொந்த அக்கா என்பதால் வேறு யாராவது செய்யட்டுமே என்று எங்கள் மயக்க மருத்துவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பாசம் என்று நினைத்துக்கொண்டார். வேறொருவர் கையில் கொடுத்தால், அவர் அவள் முட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு இதற்கு எதற்கு அறுவை என்று கேட்டிருப்பார்.

அறுவை நன்றாகவே நடந்தது. இடுப்புக்குக் கீழே மட்டும்தான் மரத்திருந்ததால் அவள் விழித்திருந்தாள். திரையைப் பார்த்தபடி, "உள்ள இவ்ளோ பஞ்சாடா?" என்று கேட்டாள். நர்ஸ்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுநாள் வீட்டுக்கு அனுப்பினேன்.

சில நாள் கழித்து போன் செய்தாள். "கெண்டைக்கால் கல்லு மாதிரி கனக்குதுடா. கொஞ்சம் வீங்கின மாதிரியும் இருக்கு."

"ஆபரேஷனுக்கு அப்புறம் அப்படித்தான்க்கா இருக்கும். காலை நீட்டி வச்சுப் படு."

வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் உடனே வரச் சொல்லியிருப்பேன். காலில் ரத்தம் உறைந்தால் அது நெஞ்சுக்குப் போகும் என்பது இந்தத் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடம். ஆனால் வரச் சொன்னால் அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஆகிவிடும். எதற்காக இதைச் செய்தோம் என்ற கேள்வி வரும். நான் சொன்னபடியே அவள் காலை நீட்டிப் படுத்தாள். வேறு யார் சொன்னாலும் கேட்கமாட்டாள், நான் சொன்னால் கேட்பாள்.

அடுத்த நாள் சாயங்காலம் மகள் பார்க்கப் போனபோது அக்கா கட்டில் ஓரம் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாளாம். பேச முடியவில்லை. இரண்டு மாடி. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். கீழே வந்து சேரும்போது உயிர் இல்லை.

எனக்கு ரொம்ப வேதனையாக இருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும். அவள் வீட்டு வாசலில் அவளுடைய செருப்பு ஜோடியாகக் கிடந்தது. அதைத் தாண்டி உள்ளே போக எனக்கு வெகுநேரம் பிடித்தது.

துக்கத்துக்கு அந்தத் தோழிகள் எல்லோரும் வந்தார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறி வந்தார்கள். எனக்கு ஆறுதல் சொன்னார்கள். "உன் கையால முடிஞ்சதை அவளுக்குப் பண்ணிட்டே தம்பி. மனசைத் தேத்திக்கோ." அன்று என் ஃபீஸைச் சொல்லிச் சிரித்தவள் மூக்கைத் துடைத்துக்கொண்டே, தனக்குப் பழையபடி வலி வந்துவிட்டது என்றும், இந்த நேரத்தில் இதைச் சொல்லக்கூடாதுதான் என்றும் சொன்னாள். நான் அவளைத் திங்கட்கிழமை வரச் சொன்னேன். வந்தாள். அவளுக்கு இன்னொரு முறையும் செய்து கொடுத்தேன்.

அக்காவின் வீட்டை ஒழிக்கிறபோது மகளுக்கு ஒத்தாசையாகப் போயிருந்தேன். அவள் அம்மாவின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள். "அம்மா சொன்னாங்க. உங்களுக்கும் முட்டி வலி இருந்துச்சாம். நீங்களும் இதையே பண்ணிக்கிட்டீங்களாமே. எந்தக் கால் மாமா?"

"இடது," என்றேன்.

புடவையைக் கீழே வைத்தாள். வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்து, என் பேன்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டினாள். பார்த்தாள். பிறகு வலது காலையும் சுருட்டிப் பார்த்தாள். சுருட்டியதை இறக்கிவிட்டு, மடிப்பைக் கையால் நீவிச் சரிசெய்தாள்.

"லைட்டை அணைச்சுட்டுப் போங்க மாமா," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அடுத்த வாரம் உங்கள் கடிதம் வந்தது.

அக்கா மகள் உங்களுக்கு எழுதிக் கொடுத்த புகாரில் தவறு ஒன்றுமில்லை. அக்காவின் முட்டிக்கு அந்த அறுவை தேவையில்லை. அவளுக்கு முன்னால் செய்தவர்களுக்கும், பின்னால் செய்தவர்களுக்கும்கூடத் தேவையில்லை. என் இடது முட்டியும் அவளுடையதைப் போலவே தேய்ந்ததுதான். நான் தினமும் காலையில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்து பாதி எழுந்து பயிற்சி செய்கிறேன். ரொம்ப தூரம் நடக்கிறேன். இப்போது வலி அவ்வளவாக இல்லை. அந்த முட்டியில் கத்தி வைக்க நான் யாரையும் விட்டிருக்க மாட்டேன்.

நானும் இதைச் செய்துகொண்டதாக அக்காவிடம் ஏன் சொன்னேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். மேஜையில் படுக்க வைத்ததும் அக்கா மாறிப்போனாள். பேருந்து முழுக்க அதட்டிய குரல் காணாமல் போயிற்று. என்னைக் கிட்டே வரச் சொல்லி, மற்றவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகப் பேசினாள்.

"பயமா இருக்குடா. இது அவசியம்தானா? வேண்டாம்னா சொல்லு, இப்பவே எந்திரிச்சு வந்துடுறேன். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

ஊசி இன்னும் போடவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. மயக்க மருத்துவரும் நர்ஸும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஸ்ட்ரெச்சரில் அடுத்தவர் படுத்திருந்தார். வேண்டாம் என்று இவளிடம் சொன்னால் அவரிடம் என்ன சொல்வது?

"நானே பண்ணிக்கிட்டேன்க்கா," என்றேன். "ஒண்ணும் ஆகாது."

"அப்ப சரி," என்றாள். மேஜையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்த கையை எடுத்து, என் தலையைக் கலைத்துவிட்டாள்.

நீங்கள் அதைப் பொய் என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பிறகு அவள் துளியும் பயப்படவில்லை. பயத்தோடு கிடந்த அக்காவுக்கு ஒரு தம்பி வேறு என்ன செய்துவிட முடியும்?