துண்டுக்குள் நான்கு விரல்கள்

தலைமை தாங்கும் அப்துல் ஹமீத் சாகிப் அவர்களே, ஆம்பூர்த் தோல் மண்டி வியாபாரிகளே, திரைக்கு அப்பால் கலங்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

நம் ஜெர்மன் முன்ஷி இஷ்தியாக் அகமது சாகிப் போய்விட்டார். அவரோடு அவருடைய ஜெர்மன் வகுப்பும் போய்விட்டதா? வாசலில் எல்லோரும் இதைத்தான் கேட்டீர்கள். பள்ளிக்கூடத் தமிழ்ப் பண்டிதன் சம்பத்தாகிய நான், அவரிடம் ஜெர்மன் படித்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

ஹாம்பர்க் துறைமுகத்தில் தோல் தரம் பிரித்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். அங்கிருந்து வரும் வியாபாரக் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஒரு மதராஸ் தரகரிடம் நாம் கைகட்டி நின்ற காலம் அது! அதைப் பொறுக்காமல் தோல் கிடங்கிலேயே வகுப்பு தொடங்கினார். யாருக்கு? தோலுக்குத் தடவிய உப்பு வாசம் போகாத கைகளுக்கு!

ஜெர்மனில் பெயருக்கு முன்னால் நிற்கும் சிறுசொல் வேற்றுமைதோறும் உருமாறும். டெர், டெஸ், டெம், டென். கேட்டதும் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

"உக்காருங்க. தமிழ்ல வேற்றுமை எட்டு. அவனுக்கு நாலுதான். ஜாஸ்தி வெச்சிருக்கிறவன் கம்மி வெச்சிருக்கிறவனைப் பார்த்து பயப்படலாமா?" என்றார் முன்ஷி.

பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்தார். சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறோமே, அதே முறை! விரலுக்கு ஒரு வேற்றுமை. அவர் தொடும் விரலுக்கு ஏற்பச் சொல்லை மாற்றிச் சொல்ல வேண்டும். முதலில் கை நீட்டிய சர்தார் பாஷா பழக்கதோஷத்தில், "கட்டாது சாயபு, இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்றார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் எவரும் எழுந்து போகவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. அவர் பாடத்துக்கு 'விபக்தி' என்று வடமொழியில் தலைப்பு எழுதிக் கொண்டுபோனேன். "இன்னா பண்டிதரே, இது கஷாயமா?" என்றார். வேற்றுமை என்றே வைத்தோம்.

கடைசி மாதங்களில் தொண்டை நோய் அவர் குரலைப் பறித்தது. வகுப்பு நின்றதா? இல்லை! கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். துண்டுக்குள் அவர் எங்கள் விரலைத் தொட்டார், நாங்கள் சொன்னோம். தப்பாகச் சொன்னால் கிள்ளினார். அதிகம் கிள்ளு வாங்கியவன் நான்தான்.

போன வியாழக்கிழமை அவரிடம் கேட்டேன்: "சாகிப், இனிமே வகுப்பை நான் நடத்தட்டுமா? உங்க அளவுக்கு வராது. தப்பு வரும்."

போர்வைக்குள் என் கையைத் தேடினார். எந்த விரலையும் தொடவில்லை. கையை முழுதாகப் பற்றி ஒரு குலுக்குக் குலுக்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தைக்குப் போகிறவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பேரம் முடிந்தது என்று அர்த்தம்! கை கொடுத்த பிறகு பின்வாங்குகிறவன் ஆம்பூரில் உண்டா?

நாளை மறுநாள் காலை, அதே தோல் கிடங்கில் வகுப்பு நடக்கும். இன்று கண்ணைத் துடைத்தீர்களே, அந்தத் துண்டையே எடுத்துக்கொண்டு வாருங்கள்!