பீரங்கி லாரி டிரைவர்

அறுபத்தைந்தாம் வருஷத்துப் பாகிஸ்தான் சண்டை முடிந்த சமயம். செஞ்சியில் அனந்தபுரம் பஸ் இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மா. பக்கத்தில் கையில் கட்டுப் போட்ட ஒரு பட்டாளத்துக்காரர். அந்த அம்மாவின் மகனோடு ஒரே படையில் இருந்தவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"எம்புள்ள டிரைவர்தானே தம்பி. துப்பாக்கியே தொடலியே. அவன எதுக்குக் கொன்னாங்க?"

"அவன் ஓட்டுனது பீரங்கிய இழுக்கிற லாரிம்மா. அதத்தான் மொதல்ல அடிப்பாங்க."

"வாணம் மாரி குண்டு வுடுற லாரின்னு ஊர்ல சொன்னாங்களே?"

"அதெல்லாம் நம்மகிட்ட இல்லம்மா. பீரங்கிதான். குண்டு போட்டதும் லாரில மாட்டிக்கினு எடத்த மாத்திடணும். அங்கயே நின்னா, பொகையப் பாத்துக் குறி வெச்சிடுவான்."

"அவன் மாத்தலியா?"

"மாட்டியாச்சு. நான் மட்டும் கொஞ்சம் தூரத்துல இருந்தேன். ஓடியாந்தேன். எல்லாரும் போ, போன்னு கத்துறாங்க. எனக்காவ நின்னுட்டாம்மா."

அந்த அம்மா டிரைவர் சீட்டைப் பார்த்தார்.

"பட்டாளத்துக்குப் போறதுக்கு முன்ன இந்த ரூட்டுல பஸ் ஓட்டும்போதும் அப்படித்தான். யாரு ஓடியாந்தாலும் நிறுத்தி ஏத்திக்கினுதான் போவான். டைமுக்கு வர்லன்னு தெனமும் திட்டு வாங்குவான்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. கூடையோடு ஒரு பெண் "இரு, இரு" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். டிரைவர் பிரேக் போட்டார்.

அந்த அம்மா எழுந்து நின்று அலறினார்.

"நிக்காத நைனா! போயிடு!"