பேய் உருண்டை

— அடிக்காதடா டோனல், கட்டையை உருட்டு. பை கிழிஞ்சா பிஸ்கட்டெல்லாம் தரையிலதான் கெடக்கும்.

— உருட்டினா நொறுங்க மாட்டேங்குதும்மா. அடிச்சாதான் நொறுங்குது. இங்க பாரு. டம்!

— மெதுவா, ராசா. பக்கத்து ரூம்ல கைக்குழந்தை தூங்குது. ரோஷீன், நீ வெண்ணெயைப் பாரு கண்ணு. உருகிடுச்சா?

— ம்.

— ம்னா? உருகிடுச்சா, உருகலியா?

— உருகிடுச்சு. சுடுதண்ணி மேல கிண்ணத்தை வெச்சு உருக்கறதெல்லாம் ஒரு சமையலா? போன ஹாலோவீனுக்கு நம்ம வீட்ல கேக் சுட்டோம். சூனியக்காரி தொப்பி மாதிரி.

— இங்கயும் ஓவன் இருக்குதுடி. கெட்டுப்போய்க் கெடக்கு, அவ்வளவுதான். அதுக்காக மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கணுமா? இது அடுப்பே வேண்டாத பலகாரம். பிஸ்கட் தூள், வெண்ணெய், டின் பால், மூணையும் பிசைஞ்சு உருட்டி, வெள்ளை சாக்லேட்டுல முக்கி எடுத்து, ரெண்டு கண்ணு வெச்சா பேய் ரெடி.

— நீ ஒரு கையால எப்படி உருட்டுவ?

— நான் எங்க உருட்டப் போறேன்? நீங்க ரெண்டு பேரும்தான். நான் மாவுக்கட்டோட உக்காந்து அதிகாரம் பண்ணப் போறேன். மகாராணி மாதிரி.

— ப்ச். சிரிப்பு வரல.

— அக்கா எப்பவும் இப்படித்தாம்மா. இந்த ஊர் வந்ததுலேர்ந்து சிடுமூஞ்சி. தெரியுமா, என் கிளாஸ்ல ஒரு பையன் எலும்புக்கூடு டிரெஸ் வாங்கியிருக்கான். இருட்டுல மின்னும். நாமளும் பேய் வேஷம் போட்டுக்கிட்டு, மிட்டாய் கேட்டு தெருத்தெருவா போலாம்மா. எல்லாரும் போறாங்க.

— இந்த வருஷம் வீட்டுக்குள்ளயேடா. இந்த வீட்ல எத்தனை ரூம் இருக்கு பாரு, ஒவ்வொரு கதவா தட்டலாம். இந்த வீட்டைப் பாத்துக்கற பிரைடி மாடிப்படியெல்லாம் சிலந்திவலை கட்டியிருக்கா, பாத்தியா?

— அது பஞ்சு. அதுவும் நம்மளை மாதிரியே ஓடிவந்த பசங்க கதவைத்தான் தட்டணும். அவங்ககிட்ட என்ன மிட்டாய் இருக்கப் போகுது?

— ரோஷீன்.

— என்ன? நெசத்தைத்தானே சொன்னேன்.

— போதும். டோனல், நீ நொறுக்குப்பா. மாவு மாதிரி ஆகணும்.

— சரி. டம்! எத்தனை தடவை சொல்றது உனக்கு? ம்? டம்! எத்தனை தடவை? வாயைத் திறந்தா பொய்யி. டம்! டம்! இப்ப புரிஞ்சுதாடி? இப்ப புரிஞ்சுதா?

— டோனல், நிறுத்து. அம்மா மூஞ்சியைப் பாரு.

— ஏன்? பிஸ்கட்டைத்தானே திட்டறேன்.

— அந்தக் கட்டையை எங்கிட்ட குடு ராசா.

— இன்னும் நொறுங்கலம்மா.

— குடுன்னு சொல்றேன்ல.

— அம்மா அழறியா? நான் விளையாட்டுக்குத்தாம்மா. அப்பா மாதிரி பேசிக் காட்டினேன். எனக்கு நல்லா வருதுல்ல, அந்தக் குரல்?

— நல்லா வருது. அதான்டா பயமா இருக்கு.

— நான் கெட்டவனா?

— சேச்சே. யாரு சொன்னா? இங்க வா. இந்தப் பக்கமா வா, அந்தத் தோள் வலிக்குது. நீ என் செல்லம். ஆனா அந்தக் குரல் நமக்கு வேண்டாம். அதை அந்த வீட்லயே விட்டுட்டு வந்துட்டோம். சரியா?

— சரி. பிஸ்கட்டுக்கு வலிக்காதுல்ல?

— வலிக்காது. ரோஷீன், வெண்ணெயை அந்தத் தூள்ல ஊத்தும்மா. பாத்து... ஐயோ, பரவால்ல, பரவால்ல.

— கை வழுக்கிடுச்சு. நான் துடைச்சிடறேன். இப்பவே துடைச்சிடறேன், சத்தியமா வேணும்னு பண்ணல. கொஞ்சம்தான் கொட்டிச்சு, பாதி கிண்ணத்துலயே இருக்கு...

— ரோஷீன். என்னைப் பாரு. இங்க வெண்ணெய் கொட்டினா, கொட்டின வெண்ணெய். அவ்வளவுதான். யாரும் கத்தப் போறதில்ல.

— தெரியும்.

— அப்புறம் ஏன் கதவுகிட்ட போய் நிக்கற?

— துணி எடுக்க.

— சரி. மீதியை ஊத்து. டின் பாலையும் ஊத்து. டோனல், கையைக் கழுவிட்டு வந்து பிசை. முழங்கை வரைக்கும் கழுவணும், சொல்லிட்டேன்.

— கழுவியாச்சு! ஐய, பிசுபிசுன்னு இருக்கு. பேயோட மூளை மாதிரி.

— பேய்க்கு மூளை கிடையாதுடா மண்டு.

— உனக்குத்தான் கிடையாது.

— ரெண்டு பேருக்கும் இருக்கு, சண்டை போடாம உருட்டுங்க. கோலிக்குண்டு மாதிரி. ரொம்பப் பெருசா வேண்டாம், தொண்டையில சிக்கும். அடுத்த ரூம் மரியானா பொண்ணுக்கு இன்னும் பல்லே சரியா மொளைக்கல.

— அம்மா, பட்டாசு! கேட்டுதா? அம்மா? ஏம்மா மேஜைக்குக் கீழ குனியற?

— ஒண்ணுமில்ல. ஸ்பூன் விழுந்துடுச்சு.

— ஸ்பூன் மேலதானே இருக்கு?

— விடுடா டோனல். நீ உருட்டு.

— உருட்டிட்டுத்தான் இருக்கேன். இது பெருசு. இதுல ரெண்டு கண்ணு இல்ல, மூணு கண்ணு வெப்பேன். இது தனி. யாரும் தொடக் கூடாது.

— யாருக்குடா அது, அவ்வளவு பெரிசா? உனக்கா?

— இல்ல. சொல்ல மாட்டேன்.

— பிரைடிக்கா?

— ஊஹூம். ரகசியம். சொன்னா சர்ப்ரைஸ் போயிடும்னு அவரு சொன்னாரு.

— எவரு?

— சொல்ல மாட்டேன்னு சொன்னேன்ல.

— டோனல். அம்மா கோபப்பட மாட்டேன். எவரு சொன்னாரு?

— அப்பா.

— அப்பா எப்படா உங்கிட்ட பேசினாரு?

— பேசல. எழுதினாரு. டேப்லெட்ல, அந்த டிராக்டர் கேம்ல. அதுல யாரு வேணாலும் எழுதலாம். ஒரு கரடி வந்து எங்கூட வைக்கோல் ஏத்திச்சா, அப்புறம் பாத்தா அது அப்பா! அவரும் வெளையாடுவாராம். தெரியுமா, அவருக்கு எங்கிட்ட இருக்கறதைவிடப் பெரிய டிராக்டர்.

— என்ன எழுதினாரு?

— நீ கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல்ல எட்டிப் பாத்தா என்ன தெரியும்னு கேட்டாரு. சும்மா ஒரு விளையாட்டு. நான் சொல்லணும், அவரு கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சா ஹாலோவீனுக்கு வருவாராம். முகமூடி போட்டுக்கிட்டு. இன்னிக்கு எல்லாரும் முகமூடிதானே, அதனால யாருக்கும் தெரியாதாம். உன்னை ஒரே ஒரு தடவை பயமுறுத்திட்டு, அப்புறம் எல்லாரும் சேர்ந்து வீட்டுக்குப் போயிடலாமாம்.

— கடவுளே. நீ என்ன சொன்ன? டோனல், என்னைப் பாத்துச் சொல்லு. ஜன்னல்ல என்ன தெரியுதுன்னு சொன்ன?

— கோபப்பட மாட்டேன்னு சொன்னியே!

— கோபம் இல்லடா. சொல்லு.

— சர்ச் கோபுரம், மீன் வறுவல் கடை, பாலம்... அம்மா எங்க போற?

— பிரைடி! பிரைடி, வாசக் கதவைத் திறக்காத! யாரு தட்டினாலும் திறக்காத, சின்னப் பசங்களா இருந்தாலும்! அவனுக்கு இடம் தெரிஞ்சுபோச்சு! ஆமா, ஃபெர்கல்தான், பசங்களோட அப்பாதான்! போலீசுக்குச் சொல்லு! ரோஷீன், திரையை இழு. விளக்கை அணை. டோனல், ஷூ போடு.

— என் உருண்டை?

— உருண்டை கெடக்கட்டும். ஷூ போடு!

— அம்மா.

— திரையை இழுன்னு சொன்னேன் ரோஷீன்!

— அம்மா, அவரு இங்க வர மாட்டாரு.

— உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ...

— வர மாட்டாரு. இவனுக்குக் 'கோபுரம்'னு எழுத வரல. எழுத்துக் கூட்டிச் சொல்லுன்னு டேப்லெட்டைத் தூக்கிட்டு எங்கிட்ட வந்தான். நானே எழுதறேன்னு வாங்கிக்கிட்டேன். கோபுரம்னு நான் எழுதல. பாலம்னும் எழுதல.

— நீ ஏமாத்திட்ட! நான் சொன்னதைத்தான் எழுதினேன்னு சொன்னியே!

— வாயை மூடுடா. நான் எழுதலம்மா. இந்த ஊரைப் பத்தி ஒரு எழுத்துகூட எழுதல. எழுதினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?

— ஐயோ என் தங்கமே. என் கண்ணு. வா இங்க. நான் உன்னைப் போய்த் திட்டிட்டேன். பிரைடி! கொஞ்சம் இரு, ஒண்ணும் இல்ல போலருக்கு! எம்பொண்ணு காப்பாத்திட்டா! ஏன்டி இத்தனை நாளா எங்கிட்ட சொல்லல?

— நீ தூங்கவே ஆரம்பிச்சது இப்பத்தானே. சொன்னா மறுபடி தூங்க மாட்ட.

— அப்ப ஜன்னல்ல ஒண்ணும் தெரியலன்னு எழுதிட்டியா?

— இல்ல. அப்படி எழுதினா திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருப்பாரு. இவன் ஒருநாள் உளறிடுவான். அதனால வேற எழுதினேன்.

— என்ன எழுதின?

— சித்தி வீட்ல இருக்கோம்னு. ஊனா சித்தி வீட்ல, மாடி ரூம்ல, வெளிய வராம ஒளிஞ்சிருக்கோம்னு.

— ரோஷீன்.

— என்னம்மா? தேடிப் பாப்பாரு, நாம இருக்க மாட்டோம், திரும்பிப் போயிடுவாரு. அவ்வளவுதானே?

— போன் எங்க? என் போன் எங்கடா?

— மாவு டப்பாகிட்ட.

— எடு எடு ஊனா, எடு... அவ புருஷன் பாட்ரிக் வேற லாரியில போயிருப்பான், அவ தனியா, கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு... ஊனா! நான் டெர்வ்லா. கதவைப் பூட்டு. முன்கதவு, பின்கதவு ரெண்டையும். இன்னிக்குப் பசங்க வர்ற நாளுன்னு திறந்தே போட்டிருப்ப, பூட்டு! என்ன? யாரு? முகமூடியோட வாசல்ல நிக்கறானா? எவ்வளவு உயரம்?

— அம்மா, யாரும்மா?

— ஷ்ஷ். ஊனா, அது பெரிய பையன் இல்ல. அது ஃபெர்கல். குழந்தையைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போ. குளியலறைக்குள்ள போய்த் தாப்பா போடு. போனை வெக்காத. பிரைடி! போலீசை இங்க இல்ல, என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பச் சொல்லு! லாங்ஃபோர்ட்ல, அந்தத் தெரு பேரு... ஐயோ வாயில வர மாட்டேங்குது. ரோஷீன், சித்தி விலாசம் சொல்லு பிரைடிகிட்ட. ஓடு!

— அம்மா, போன்ல என்னமோ உடையுது.

— காதைப் பொத்திக்கோ டோனல். ஊனா? நான் இங்கதான் இருக்கேன். பேசிக்கிட்டே இரு. பேச வேண்டாம், சரி, பேசாத. மூச்சு விடற சத்தம் கேக்குது, அது போதும். குழந்தை வாயில விரலைக் குடு. போலீஸ் கெளம்பிட்டாங்க. கெளம்பிட்டாங்கடி.

— அம்மா, அப்பா நம்மளைத்தான் தேடறாரா? நாம அங்க இல்லன்னு போய்ச் சொல்லலாமா?

— பேசாம இருடா என் ராசா. கொஞ்சம் பேசாம இரு.

— சொல்லிட்டேம்மா. விலாசம் சொல்லிட்டேன். பிரைடி ஆன்ட்டி எழுதிக்கிட்டாங்க, போலீஸ் ஸ்டேஷன் சித்தி வீட்டுக்கு அடுத்த தெருவுலதானாம். என்ன ஆச்சு? சித்தி என்ன சொல்றாங்க?

— ஊனா? ஊனா, தாப்பாளை விடாத! ஊனா! ... யாரு? யாரு பேசறது? ஆமா, நான் அவ அக்கா. ஆமா. குழந்தை? குழந்தைக்கு ஒண்ணும் இல்லியே? சரி. அவ? அவகிட்ட குடுங்க. ஏன் பேச முடியாது? எங்க அடி? ... சரி. எந்த ஆஸ்பத்திரி? சரிங்க. சரி. அவனைப் புடிச்சாச்சா? ... சரி.

— அம்மா?

— குழந்தை நல்லா இருக்கு. போலீஸ் வந்துட்டாங்க. அப்பாவைக் கூட்டிட்டுப் போறாங்க.

— முகமூடியோடயா?

— தெரியலடா டோனல்.

— சித்திக்கு என்னம்மா? ஏன் அவங்க பேசல?

— அடி பட்டிருக்கு. தாடை உடைஞ்சிருக்கும்னு சொல்றாங்க. ஆம்புலன்ஸ்ல ஏத்தியிருக்காங்க, உயிருக்குப் பயம் இல்லன்னாங்க. உக்காரு ரோஷீன். உக்காரும்மா, விழுந்துடப் போற.

— அவரு சித்தியை அடிச்சாரா?

— ஆமாம்மா. இது உன்னால இல்ல. கேளு, நீ எங்களைக் காப்பாத்தத்தான் பாத்த. அடிச்சது அவன். உன்னால இல்ல.

— இல்ல, அதில்ல. அவரு எப்படி சித்தியை அடிக்கலாம்?

— ஏன்டி அப்படிக் கேக்கற? அவனைப் பத்தி உனக்குத் தெரியாதா?

— ஆனா சித்தி ஒரு தப்பும் பண்ணலியேம்மா!