தானாக நகர்ந்தது

தேநீரில் சர்க்கரை சற்றுக் கூடுதல். ஆனால் சூடு சரியாக இருக்கிறது, நன்றி. எனக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து, நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. ஆகையால் நான் சற்று விரிவாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போலீஸ் அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். "இறந்தவர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்க மறந்ததால், வண்டி தானாக நகர்ந்து குளத்தில் கவிழ்ந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் மறக்கவில்லை. வைத்ததை நான் பார்த்தேன்.

முப்பத்தொரு ஆண்டுகள் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நான். கடை கடையாக ஏறித் தராசின் முள்ளைப் பார்ப்பது வேலை. ஓய்வு பெற்ற பிறகு, கோல்ஃப் மன்றத்தில் விதிக்குழுச் செயலாளராக என்னை அமர்த்தினார்கள். வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்கவில்லை. அங்கே எனக்கு 'அரையங்குலம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் என் காது இன்னும் கூர்மையாக இருக்கிறது.

ஆட்டம் தெரியாதவருக்கும் அந்த ஒரு விதி விளங்கும். பந்து அசையாமல் கிடக்கும். நாம் அடிக்க வேண்டும். அடிப்பதற்கு முன்பே அது நகர்ந்துவிட்டால், நகர்த்தியது யார் என்ற கேள்வி எழுகிறது. காற்று என்றால் குற்றமில்லை. பந்து போய் நின்ற இடத்திலிருந்தே ஆடலாம். குறைந்த அடிகளில் முடிப்பவனே வெல்லும் ஆட்டம் இது; நகர்த்தியது ஆடுபவன் என்றால் அவன் கணக்கில் ஓர் அடி தண்டமாகக் கூடும், பந்தையும் பழைய இடத்தில் திருப்பி வைக்க வேண்டும். பந்தருகே கிடக்கும் சுள்ளியையோ கல்லையோ அப்புறப்படுத்த அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் அப்புறப்படுத்தியதால் பந்து உருண்டால், உருட்டியவன் அவனே. 'நான் பந்தைத் தொடவே இல்லையே' என்பது பதிலாகாது. குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரைக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. நாங்கள் அன்று அங்கே இல்லை.

இறந்தவன் என் மனைவியின் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். மனைவி இறந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஏழு ஆண்டுகளும் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு என் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. "அத்தான், நாளைக்கு ஆறரை. ஒரு நிமிஷம் லேட்டானா தண்டம் உண்டா?" என்பான். வாரத்தில் எனக்கு வரும் அழைப்பு அது ஒன்றுதான். ஞாயிறு முதல் புதன்வரை என் குரலை நானே கேட்பதில்லை. வியாழனன்று கால்சட்டைக்கு இஸ்திரி போடுவேன். வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு நாற்காலியைத் தொலைபேசியருகே இழுத்துப் போட்டுக்கொள்வேன். ஆனாலும் மூன்றாவது மணியில்தான் எடுப்பேன்; காத்திருந்தது தெரிந்துவிடக் கூடாதல்லவா?

அன்று பதினோராவது குழிக்குப் போகும் வழியில், குளத்துக்கு மேலேயுள்ள சரிவில் இருந்தோம். அவனுக்கு முழங்கால் வலி உண்டு. ஆகையால் பேட்டரி வண்டி. அதன் பிரேக் சரிவில் பிடிக்காது என்பது மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும். அவன் முன்சக்கரத்துக்கு முட்டுக்கட்டையைக் கொடுத்து, காலால் ஒருமுறை உதைத்து உறுதிசெய்துவிட்டு, உயரமான புல்லில் கிடந்த தன் பந்தை நோக்கிப் போனான். பந்தருகே ஒரு சுள்ளி. அதை எடுத்தான். பந்து அரையங்குலம் கீழே இறங்கியது.

"மச்சான், ஒரு அடி. பந்தைப் பழைய இடத்துல வை," என்றேன்.

"காத்து அத்தான்."

"காத்தா? கொடியப் பாரு, தூங்குது."

"அப்ப மேலேர்ந்து அக்கா பெருமூச்சு விட்டிருப்பா. உங்ககூட குடித்தனம் பண்ணவளுக்கு இன்னும் மிச்சம் இருக்கும்ல."

நான் சிரிக்கவில்லை. "ஒரு அடி," என்றேன்.

"போட்டுக்குங்க. பத்துகூட போட்டுக்குங்க. இன்னிக்கோட முடியுது, நான் ஏன் சண்ட போடணும்?"

"எது முடியுது?"

அவன் மட்டையை வைத்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தான். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். "பொண்ணு அவ ஊருக்கே வந்துடச் சொல்லிக்கிட்டே இருக்கா. கடையையும் கைமாத்திட்டேன். செவ்வாக்கெழம கெளம்புறேன். போன்ல சொல்லியிருந்தா நீங்க இன்னிக்கு வந்திருக்க மாட்டீங்க." பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கு இந்த ஆட்டமே பிடிக்காது, தெரியுமா? அக்கா ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சிக்கிட்டு, 'அவரத் தனியா விட்டுடாதடா'ன்னா. ஏழு வருஷம் விடல அத்தான். கோவமா?"

"இல்லை," என்றேன். அது உண்மை. அறிக்கையில் கோபம் என்று எழுதிவிடாதீர்கள்.

"அப்ப நீங்க அளந்து முடிங்க. நான் ரெண்டு நிமிஷம் கால நீட்டிக்கிறேன்," என்று தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சாய்ந்தான்.

நான் சக்கரத்தருகே குனிந்தேன். முட்டுக்கட்டை முதல் இழுப்பில் வரவில்லை. வண்டியின் பாரம் முழுதும் அதன்மேல் இருந்தது. மட்டையின் தலையால் பக்கவாட்டில் ஒருமுறை தட்டினேன். வந்துவிட்டது. வண்டி முதலில் அரையங்குலம்தான் நகர்ந்தது. அப்போது ஒரு சொல் சொல்லியிருக்கலாம். காலை இழுத்துக்கொண்டு குதித்திருப்பான். "அத்தான், வண்டி..." என்று அவன்தான் சொன்னான், தொப்பியை எடுக்காமலே.

கால் ஒடிந்தால் போதும் என்றுதான் எண்ணினேன். மூன்று மாதக் கட்டு என்றால் பயணம் நின்றிருக்கும். நான் தினமும் போய்ப் பார்த்திருப்பேன், தலையணையைச் சரிசெய்திருப்பேன். அதை அவன் வேண்டாம் என்றிருக்க மாட்டான்.

வண்டி கவிழ்ந்து கூரை அவன்மேல் அமர்ந்துகொண்டது. தண்ணீர் என் மார்பளவுதான். பிற்பாடு நீங்களே அளந்து எழுதியிருக்கிறீர்கள், அந்த அளவு சரி. சிறிது நேரம் நீர் கலங்கிக்கொண்டிருந்தது. நான் அவனுடைய பந்தைப் பழைய இடத்தில் வைத்தேன். புல் மடிந்திருந்த தடத்தைப் பார்த்து வைக்க வேண்டியிருந்ததால் அதற்குச் சற்றுத் தாமதமாயிற்று. பிறகு ஆளை அழைக்க மன்றத்துக்கு நடந்தேன். ஓடவில்லை, ஆட்டத் திடலில் ஓடுவது முறையல்ல.

முட்டுக்கட்டை இந்தப் பையில் இருக்கிறது. பக்கவாட்டில் மட்டையின் தழும்பு தெரியும். இது அன்றைய மதிப்பெண் அட்டை. பதினோராவது குழியில் என் பெயருக்கு நேரே பாருங்கள்: ஓர் அடி கூட்டிக் கையொப்பமிட்டிருக்கிறேன். அன்றே போட்டுக்கொண்ட தண்டம் அது. யாரும் பார்க்காத இடத்திலும் ஆடுபவன் தன் தவற்றைத் தானே அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் அவனோடு யார் ஆடுவார்கள்?

விதியின் மறுபாதியை மட்டும் என்னால் நிறைவேற்ற முடியவில்லை. நகர்ந்ததைப் பழைய இடத்தில் திருப்பி வைக்க வேண்டும். மூன்று வெள்ளிக்கிழமைகளும் ஐந்தே முக்காலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

கையெழுத்து எங்கே இட வேண்டும்? இங்கேயா? சரி.

குறுக்கே ஒரு சொல் பேசாமல் இவ்வளவு நேரம் கேட்டீர்கள். இந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. உங்களுக்கு சனிக்கிழமை காலையில் வேலை ஏதும் இருக்கிறதா? ஆட்டம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, நான் சொல்லித்தருகிறேன். ஆறரைக்கு வந்தால் போதும். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு வார்த்தை போன் செய்துவிடுங்கள்.