தென்னங்கன்றுக்குப் போன மாத்திரை

பேராவூரணியிலிருந்து பட்டுக்கோட்டை போகும் பஸ்ஸில் நான் கம்பியைப் பிடித்து நின்றிருந்தேன். பக்கத்து சீட்டில் ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண், மடியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைப் பொட்டலம். அருகில் உட்கார்ந்திருந்த அம்மாள், முன்பின் தெரியாதவர்தான், வயதைக் கேட்டார்.

"வர்ற தைக்குப் பதினெட்டுக்கா."

"சத்து மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறியா?"

"எங்கக்கா! நாலு நாள் போட்டேன், வெளிக்கிப் போனா கருப்பா போவுது. உள்ள இருக்க புள்ளையும் கருத்துப் போயிடாதா? எல்லாத்தையும் தென்னங்கன்னு அடியில போட்டுர்றேன். நர்சம்மா கேட்டா காலி அட்டையக் காட்டிருவேன்."

அம்மாளின் பார்வை மடியிலிருந்த பொட்டலத்துக்குப் போக, அவள் தொடர்ந்தாள்.

"புள்ள செவப்பா பொறக்கணும்னு துபாய்லேருந்து அவரு குங்குமப்பூ அனுப்பிருக்காரு. தெனம் பால்ல போட்டுக் குடிக்கிறேன்."

அம்மாள் சட்டென்று அவள் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை, வடிகஞ்சி நிறம்.

"அடிப்பாவி! கண்ணாடியில ஒன் மொகத்தப் பாத்தியா நீ?"

அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தேன்க்கா! குங்குமப்பூ எனக்கே வேலை செய்யுது. ஒரே மாசத்துல எவ்வளவு வெளுத்துட்டேன் பாருங்க!"